தண்ணீர் நிற்காத குட்டை

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. எங்கள் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் வெட்டியிருந்த குட்டை விளிம்பு வரை நிறைந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். பன்னிரண்டாம் நாள் மறுபடி வந்தார். குட்டையின் அடியில் ஈரச் சேறு மட்டும் கிடந்தது.

"ஏந் தம்பி, இத்தன செலவு பண்ணி வெட்டி, அரை மாசங்கூடத் தண்ணி நிக்கலியே. ஓட்டக் கொடத்துல ஊத்துனாப்பல ஆயிப்போச்சே. அந்தக் கறுப்பு ஷீட்ட வாங்கி விரிச்சுப் போடு. சித்திர வரைக்கும் அப்படியே நிக்கும்" என்றார்.

அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அது அவர் ஒருவருடைய கருத்தாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பாலித்தீன் ஷீட் விற்க வருகிறவர், மண் தோண்ட வந்த ஹிட்டாச்சி ஓட்டுநர், கல்யாண வீட்டில் பார்த்த உறவுக்காரர், கைப்பேசியில் ஓடும் விவசாய வீடியோக்கள் என்று எல்லாரும் இதையே சொல்கிறார்கள். தண்ணீர் நின்றால் குட்டை, நிற்காவிட்டால் வெறும் குழி. கோடையிலும் நீலமாகத் தளும்பும் பண்ணைக்குட்டையின் படம் வெற்றிக்குச் சான்றாகவும், வறண்ட குட்டையின் படம் விவசாயியின் ஏமாளித்தனத்துக்குச் சான்றாகவும் காட்டப்படுகிறது. கொங்குப் பகுதியைப் போன்ற வறண்ட பாறை நிலத்தில் இது தவறான அளவுகோல். இதை நம்பிச் செலவு செய்கிறவர் பணத்தையும் நிலத்தையும் இழப்பதோடு, தன் கிணற்றையும் இழக்கிறார்.

முதலில் அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கைப் பார்ப்போம். குட்டையின் ஆழம் ஒன்றரை மீட்டர். மழைக்காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், பன்னிரண்டு நாளில் போனது ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். ஆடு மாடு அதில் குடிக்கவில்லை, நான் மோட்டார் வைத்து இறைக்கவும் இல்லை. அப்படியானால் மீதி ஏறக்குறைய 1.45 மீட்டர் தண்ணீர் எங்கே போயிற்று? பெரியவர் அதைத் தொலைந்துபோன தண்ணீர் என்கிறார். அது போன வழி கீழ்நோக்கி. செம்மண்ணைத் தாண்டி, சரளையைத் தாண்டி, அதற்கடியில் உக்கிப்போன பாறையின் இடுக்குகளுக்குள் இறங்கியிருக்கிறது. நம் கிணறுகளின் ஊற்றுக்கண் இருப்பதும் அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. ஆற்றுப்படுகையில் இருப்பது போன்ற ஆழமான மணல் அடுக்கு இங்கே கிடையாது. மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை, பிறகு விரிசலற்ற கெட்டிப் பாறை. சிதைந்த பாறையும் விரிசல்களும்தான் நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் தொட்டி. அந்தத் தொட்டிக்கு மூடி இருக்கிறது, வெயில் படாது, பாசி பிடிக்காது, சில ஆண்டுகளுக்கொரு முறை விரிப்பு மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதன் வாய் மிகச் சிறியது. ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையை அதனால் அவ்வளவு வேகமாகக் குடிக்க முடியாது. பெரும்பகுதி வரப்பை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஓடும் தண்ணீரைப் பத்துப் பதினைந்து நாள் பிடித்து நிறுத்தி, நிலம் மெதுவாகக் குடிக்க அவகாசம் கொடுப்பதுதான் இந்த மண்ணில் குட்டையின் வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு வற்றிக் கிடக்கும் குட்டையைப் பார்த்து, ஓட்டைக் குடம் என்கிறோம்.

இனி ஷீட் போட்ட குட்டையின் கணக்கு. பரவலாக வெட்டப்படும் அளவையே எடுத்துக்கொள்கிறேன்: முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். கரை சரியாமல் இருக்கச் சரிவு விட்டு வெட்டினால் சுமார் 14.5 லட்சம் லிட்டர் பிடிக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதை நிரப்ப மழை எங்கே இருக்கிறது என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மூன்று ஏக்கர் தோட்டம் என்பது சுமார் 12,000 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 300 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொண்டால், தோட்டம் முழுவதும் விழும் மழை 36 லட்சம் லிட்டர். உழுத காட்டில், வரப்பு உள்ள காட்டில், அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து குட்டைக்கு வந்தால் அது பெரிய விஷயம். அது ஏழு லட்சம். குட்டைக்குள்ளேயே நேராக விழும் மழை இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினாலும் பத்து லட்சத்தைத் தொடவில்லை. நல்ல மழை பெய்த வருஷத்திலேயே மூன்று ஏக்கர்க்காரரின் அந்தக் குட்டை மழையால் நிறையாது.

அப்படி வந்த தண்ணீரையும் கோடைக்கென்று சேமித்து வைக்கிறார் என்று கொள்வோம். ஷீட்காரர் சொல்லும் வாக்குறுதி அதுதானே, சித்திரை வரைக்கும் நிற்கும் என்பது! தை தொடங்கி வைகாசி வரை ஐந்து மாதத்தில் வெயில் குடிப்பது இரண்டு அடிக்குக் குறையாது. அகன்ற குட்டையில் இரண்டு அடி என்பது நான்கரை லட்சம் லிட்டர். வந்த தண்ணீரில் ஏறக்குறைய பாதி. ஷீட் தண்ணீரைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். மண்ணிடமிருந்து காப்பாற்றி வெயிலிடம் கொடுக்கிறது. மண்ணுக்குப் போன தண்ணீர் கிணற்றில் திரும்பக் கிடைக்கும். வெயிலுக்குப் போனது நம் தோட்டத்துக்குத் திரும்புவதற்கு வழியே இல்லை.

இன்னும் மோசமானது அடுத்து நடப்பது. பல இடங்களில் கரையைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள். சுற்றி ஓடும் மழைநீர் உள்ளே வர வழியே இருக்காது. அதில் வானத்திலிருந்து நேராக விழுவது மட்டும்தான் சேரும். ஷீட் விரித்தாயிற்று, கடன் வாங்கியாயிற்று, குட்டை பாதிகூட நிறையவில்லை. விவசாயி என்ன செய்வார்? போர்வெல்லை ஓட்டுவார். ஆயிரம் அடியிலிருந்து, வெயில் படாத இடத்தில் பத்திரமாக இருந்த தண்ணீரை மேலே இழுத்து, வெட்ட வெளியில் விரித்து வைப்பார். மழைநீர் சேமிப்பு என்ற பெயரில் செலவிட்ட பணம் நிலத்தடி நீரை இறைத்துக் காயவைக்கும் பாத்திரமாகி நிற்கும்.

இது கற்பனை அல்ல. மகாராஷ்டிராவில் 2016-ல், கேட்கிற விவசாயிக்கெல்லாம் பண்ணைக்குட்டை என்ற பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது. நோக்கம் மழைநீரைப் பிடிப்பது. ஆனால் பழத்தோட்டப் பகுதிகளில் பெரிய பெரிய குட்டைகள் ஷீட் விரிக்கப்பட்டு, கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் இறைத்து நிரப்பப்பட்டன. வசதியுள்ளவர் மழை முடிந்ததும் பூமிக்கடியில் பொதுவாக இருந்த தண்ணீரை முந்திக்கொண்டு தன் குட்டைக்கு மாற்றிக்கொண்டார். குட்டை கட்ட முடியாத சிறு விவசாயியின் கிணறு முன்னதாகவே வற்றியது. அந்த ஊர்களை வானத்திலிருந்து படம் எடுத்தால் நீல நீலச் சதுரங்களாக அழகாகத் தெரியும். அந்த அழகைக் காட்டித்தான் இங்கே நம்மிடம் ஷீட் விற்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதையைப் பார்ப்போம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக எங்கள் பகுதி மக்கள் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள்! தாத்தா காலத்தில் கேட்டது பேரன் காலத்தில், 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பவானி ஆற்றின் உபரி நீரைக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருவது திட்டம். ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. அதன் பெயரிலேயே நிலத்தடி நீர் செறிவூட்டல் இருக்கிறது. அந்த 1,045-க்கும் ஷீட் விரிக்க வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? குளத்தில் விட்ட தண்ணீர் கீழே இறங்க வேண்டும், கிணறு ஊற வேண்டும் என்றுதான் மறியல் செய்தோம், உண்ணாவிரதம் இருந்தோம். பொதுக் குளத்தில் தண்ணீர் இறங்கினால் அது செறிவூட்டல், சொந்தக் குட்டையில் இறங்கினால் அது நட்டம் என்பது எந்த ஊர் நியாயம்? ஆற்றைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்து செய்கிற அதே வேலையை, வாசலில் விழுகிற மழையை வைத்து, மின்சாரம் இல்லாமல் செய்கிறது வற்றிப்போகும் குட்டை.

இதற்கு எல்லாரும் சொல்லும் ஒரு மறுமொழி உண்டு. "நீ இறக்குற தண்ணி பக்கத்துக்காரன் கிணத்துக்குத்தானே போகும்?" கொஞ்சம் போகும். பாறை விரிசல்கள் சர்வே கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இன்னொன்றை யோசிப்பதில்லை. நான் ஆயிரம் அடி போர் போட்டு இறைக்கும்போது வருகிற தண்ணீர் யார் தோட்டத்துக்கு அடியிலிருந்து வருகிறது? பக்கத்துக்காரர் நிலத்தில் விழுந்து இறங்கிய மழையை நாற்பது வருஷமாக நான் இறைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்கு உறுத்தவில்லை. எடுக்கும்போது பொதுவாக இருந்த தண்ணீர், கொடுக்கும்போது மட்டும் ஏன் என் சொத்தாகிவிட வேண்டும்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குட்டையிலிருந்து இறங்கும் தண்ணீர் உடனே பயன் தருவது திறந்த கிணற்றுக்கு. ஆயிரம் அடி போருக்கு அது போய்ச் சேருமா, எப்போது சேரும் என்பது பாறையைப் பொறுத்தது. கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போரை மட்டும் நம்பி இருப்பவருக்குப் பலன் தாமதமாகலாம். எங்கள் கிணறு எழுபது அடி. குட்டையிலிருந்து இருநூறு அடி தூரத்தில், சரிவில் கீழே இருக்கிறது. முந்தைய வருஷம் தை பிறந்ததும் கக்கிக்கொண்டு நின்ற மோட்டார், இந்த முறை மாசிக் கடைசி வரை நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியது. மழையும் இந்த முறை கொஞ்சம் கூடுதல்தான். ஆகவே எல்லாம் குட்டையால் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்றை அளந்து எழுதி வைத்திருக்கிறேன். குட்டை நிறைந்த நாளுக்கும் கிணற்றில் நீர் ஏறிய நாளுக்கும் இடையில் இருந்த ஐந்தாறு நாள் இடைவெளி மூன்று முறையும் மாறவில்லை.

மூன்று முறை என்று எழுதினேன். ஷீட் குட்டைக்கும் மண் குட்டைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில் இருக்கிறது. என்னுடையது பதினைந்து மீட்டருக்குப் பதினைந்து மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம். ஒரு தடவை நிறைந்தால் 2.7 லட்சம் லிட்டர்தான். ஐப்பசியில் நிறைந்து வற்றியது, கார்த்திகை முதல் வாரத்தில் மறுபடி, மாதக் கடைசியில் இன்னொரு முறை. மொத்தம் எட்டு லட்சம் லிட்டர். வற்றியதால்தான் அடுத்த மழைக்கு இடம் இருந்தது. முப்பதுக்கு முப்பது குட்டை 22 சென்ட் நிலத்தை விழுங்கும், கரையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இது விழுங்கியது ஐந்தரை சென்ட். அது பிடிக்கக்கூடிய மழையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை, நான்கில் ஒரு பங்கு இடத்தில், ஷீட் செலவில்லாமல் இது பிடித்துவிட்டது. சிறு விவசாயிக்குக் குட்டை கட்டுப்படியாகாது, நிலம் வீணாகிறது என்ற புலம்பலுக்கும் காரணம் இதே தவறான அளவுகோல்தான். ஒரே தடவையில் நிறைத்து வருஷம் முழுக்க வைத்திருக்க நினைப்பதால்தான் குட்டை அவ்வளவு பெரிதாக வேண்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் பிரதான் என்ற அமைப்பு பழங்குடி விவசாயிகளிடம் கொண்டுபோன முறை, ஒவ்வொரு வயலிலும் அதன் பரப்பில் ஐந்து சதவீதம் மட்டும் குழியாக வெட்டுவது. ஷீட் கிடையாது. மேல் வயலின் குழியிலிருந்து கசிவது கீழ் வயலை நனைக்கும்.

எல்லா இடத்திலும் ஷீட் தப்பு என்று நான் சொல்லவில்லை. இராமநாதபுரத்துக் கடலோரத்தில் கீழே இருப்பது உப்புத் தண்ணீர். அங்கே இறங்கும் நல்ல தண்ணீர் உப்போடு கலந்து கெடும். அங்கே மழையை மேலேயே தேக்கிக் காப்பதுதான் அறிவு. தேரி மணலில் எதுவும் ஒரு நாள்கூட நிற்காது. மலைச்சரிவில் தோட்டக்காரர் சொட்டுநீருக்கென்று சிறிதாக ஒரு தொட்டி போல அமைத்துக்கொள்வதும் வேறு விஷயம். கரிசல் மண்ணிலோ ஷீட்டுக்குத் தேவையே இல்லை. களி ஊறி உப்பி, தானாகவே அடைத்துக்கொள்ளும். அதற்கு மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஓர் உதாரணம். அந்த நகருக்கு 1990-ல் ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். 2006-க்குப் பிறகு அந்த மாவட்டத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று ஒதுக்கி ஆயிரக்கணக்கில் குளம் வெட்டினார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் உமாகாந்த் உம்ராவ் விவசாயிகளிடம் பேசி அவர்களை இதில் ஈடுபடுத்தினார். அங்கே தண்ணீர் நின்றது என்றால் காரணம் கரிசல் மண். ஆக, முதலில் கேட்க வேண்டியது மண் எது, அடியில் என்ன இருக்கிறது என்பது. ஷீட் எத்தனை மைக்ரான் என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறவர் குட்டை வெட்டவில்லை, தொட்டி வாங்குகிறார்.

மண் குட்டைக்கும் பாடு உண்டு. வண்டல் படியப் படிய இறக்கம் குறையும். ஆண்டுதோறும் பங்குனி, சித்திரையில் காய்ந்து வெடித்த அடியை வழித்தெடுக்க வேண்டும். வழித்த வண்டல் வயலுக்குப் போகும், மேல்மண் வீடு திரும்பிய மாதிரி. தண்ணீர் நுழையும் வாயில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி போட்டுவிட்டால் பாதி வண்டல் அங்கேயே தங்கிவிடும். வழிந்து போகும் வாய்க்குக் கல் பாவி வைக்காவிட்டால் முதல் பெருமழையில் கரை அறுத்துக்கொள்ளும். என் குட்டையில் முதல் வருஷம் அப்படித்தான் ஆனது. மேட்டில் வெட்டிய குட்டைக்குத் தண்ணீர் வராது, ஓடைக்குள் வெட்டினால் அடுத்தவர் தண்ணீரை மறித்ததாகும். வரையறுத்த வாய்க்காலில் ஓடாத மழைநீரைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளும் உரிமையைத்தான் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு நில உரிமையாளருக்குச் சொல்கிறது. ஓடை ஊருக்குச் சொந்தம். அதன் கடைசியில் ஒரு குளம் காத்துக்கொண்டிருக்கும். இடம் தேர்ந்தெடுக்க நிபுணரைத் தேட வேண்டியதில்லை. கனமழையின்போது குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று வந்தால், தண்ணீர் எங்கே கூடி எந்த வரப்பை உடைக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஷீட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று. நனைந்த பாலித்தீன் சரிவில் கால் நிற்காது. உள்ளே விழுந்த குழந்தையோ கன்றுக்குட்டியோ ஏறி வர முடியாது. நீச்சல் தெரிந்த பெரியவருக்கும் பிடிக்க ஒன்றும் இருக்காது. மண் கரையில் புல்லும் வேரும் இருக்கின்றன, படி வெட்டலாம். ஷீட் குட்டை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நாலு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சுற்றி வேலி போடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்ற எதையும் ஏற்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மானியம் கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தளும்பி நிற்கும் குட்டையைப் படம் எடுத்து வெற்றி என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். போரிலிருந்து நிரப்பினாலும் படம் அப்படித்தான் வரும். குட்டைக்குக் கீழே இருக்கும் மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தைக் கார்த்திகையிலும் மாசியிலும் அளந்து எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு கயிறும், அதன் நுனியில் கட்ட ஒரு கல்லும் போதும். போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்பும் குட்டைக்குப் பொதுப்பணம் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

பெரியவருக்கு அன்று நான் நேராகப் பதில் சொல்லவில்லை. பங்குனியில் அடி வண்டலை வழிக்கும்போது அவரே வந்து கரையில் உட்கார்ந்தார். கயிற்று முடிச்சுக் கணக்கு எழுதிய நோட்டைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் தோட்டத்துக் கிணறு என் குட்டைக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. எழுந்து போகும்போது, "அந்தக் கவுத்த ஒரு நா குடு தம்பி, நம்ம கெணத்தையும் அளந்து பாக்கறேன்" என்றார்.